சுயவிலாசமிட்ட உறை

முடிவுத் திகதி திங்கள்.
இன்று புதன். மழை.
நோர்வூட் கொமினிகேஷன் கடையில்
விண்ணப்பம் ஒன்பது பக்கம், தொண்ணூறு ரூபாய்.
கடைசிப் பக்கத்தில் மை தீர்ந்து
கல்விமாணி என்ற சொல் பாதி வெளுத்திருந்தது.
"அது பரவால்ல டீச்சர்" என்றான் கடைப் பையன்.
அவனுக்கு நான் ஏற்கெனவே டீச்சர்.

முதலாம் கூடு: முழுப்பெயர்.
பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் யோகமாலா.
அடையாள அட்டையில் யோகமலர்.
விடுகைப் பத்திரத்தில் அப்பாவும் மாறி
கருப்பண்ணன் கருப்பையா ஆகியிருந்தார்.
எழுதியவர்களுக்கெல்லாம் என்ன அவசரமோ.
ஆகவே ஒரு சத்தியக்கடதாசி:
மேற்சொன்ன இருவரும் ஒருவரே என்றும்
அந்த ஒருவர் நானே என்றும்.
சமாதான நீதவான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
"நிச்சயமா?" என்றார், பகிடிக்கு.
முத்திரை விழும்வரை
எனக்கும் கொஞ்சம் சந்தேகம்தான்.

நிரந்தர முகவரி.
தோட்டம், மேற்பிரிவு, ஏழாம் லயம்,
எழுதலாம்; ஆனால் கடிதம்
தோட்டக் கந்தோரோடு நின்றுவிடும்.
போன முறை நேர்முகத் தேர்வுக் கடிதம்
செக்ரோல் புத்தகத்துக்கு அடியில்
பதினொரு நாள் படுத்திருந்தது.
என் கைக்கு வந்தபோது
நேர்முகம் முடிந்து ஆறு நாள்.
கிளாக்கர் கெட்டவர் இல்லை.
"ஒங்களுக்குன்னு தெரியாமப் போச்சு" என்றார்.
எனக்கென்று தெரிய
அதில் வேறென்ன எழுதியிருக்க வேண்டும்?

வியாழன், ஐந்தாம் வகுப்பு,
கடிதம் எழுதும் பாடம்.
வலது மூலையில் உங்கள் முகவரி, என்றேன்.
கபிஷா கையை உயர்த்தினாள்:
"டீச்சர், லயத்துக்கு நம்பர் இருக்கு,
எங்க காம்பராவுக்கு இல்ல. எதப் போட?"
மிதுஷன் எதுவும் கேட்கவில்லை.
முகவரி இருக்க வேண்டிய இடத்தில்
ஸ்டோர், வளைவு, பீலி, படுத்திருக்கும் நாய்,
ஓர் அம்புக்குறி வரைந்திருந்தான்.
அம்புக்குறி முடிகிற இடத்தில் 'நான்'.

பத்துக்கு எத்தனை போடுவது?
ஆறு வருஷமாய்த் தொண்டராசிரியை,
பிழைக்குக் கீழே கோடிடத் தெரியும்.
பிழையில்லாத ஒன்று
பிழையான இடத்தில் இருந்தால்
என்ன செய்வதென்று தெரியாது.
சிவப்புப் பேனாவை மூடிவிட்டு
கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஏழாம் பக்கம்:
நீர் ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்?
நூற்றைம்பது சொற்களுக்கு மேற்படாமல்.
முதல் வரைவில்
சமுதாயம் மூன்று தடவை, ஒளி இரண்டு தடவை.
கிழித்தேன்.
பிறகு அந்த நாயைப் பற்றியும்
அம்புக்குறியைப் பற்றியும் எழுதினேன்.
நாற்பத்திரண்டு சொல்.
மிச்சக் கோடுகள் சும்மா கிடந்தன. கிடக்கட்டும்.

இனி சுயவிலாசமிட்டு முத்திரை ஒட்டிய உறை.
எனக்கு நானே எழுதும் முதல் கடிதம்,
உள்ளே ஒன்றுமில்லை.
மே/பா கொமினிகேஷன் கடை என்று எழுத
பையனிடம் கேட்டேன்.
"பேருக்குப் பின்னால டீச்சர்னு போடுங்க,
அப்பதான் எனக்குத் தெரியும்" என்றான்.
போடவில்லை. பிறகு
பென்சிலால், மெல்லிசாய், போட்டேன்.

வெள்ளி. தபாற் கந்தோர்.
தராசில் உறையை வைத்தார் கவுண்டர் பெண்.
எண்பத்தாறு கிராம்.
நான் நகராமல் நின்றேன்.
அம்மாவோடு கொழுந்து மடுவத்தில் நின்று
பழகிய கால்கள்:
நிறுத்தவுடன் சாக்குக்கு ஒரு கிலோ,
ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிப்பார்கள்,
கழித்து முடியும்வரை நிற்க வேண்டும்.
"வேற என்ன?" என்றார்.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான். எண்பத்தாறு."

வெளியே பொகவந்தலாவ பஸ்
என்னை விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.
பற்றுச்சீட்டைக் குடைக்குள் விரித்துப் பார்த்தேன்.
அனுப்புநர்: யோகமளர்.